நிகழ்வுக் கையாளிகள் வழி எக்ஸ்எம்எல் ஆக்கம்

நிகழ்வுக் கையாளிகள் வழி எக்ஸ்எம்எல் ஆக்கம் என்பது, ஓர் எக்ஸ்எம்எல் ஆவணத்தை முழுமையாக நினைவகத்தில் கட்டியெழுப்பாமல், "உறுப்பு தொடங்கியது", "உரை வந்தது", "உறுப்பு முடிந்தது" என்னும் அழைப்புகளின் தொடராக எழுதிச்செல்லும் நிரலாக்க முறை ஆகும். ஆவணங்களைப் படிப்பதற்காக உருவான சாக்ஸ் இடைமுகத்தை எழுதுவதற்குத் திருப்பிப் பயன்படுத்துவதே இதன் அடிப்படை.

வரலாறு

எக்ஸ்எம்எல் 1.0, பெப்ரவரி 1998 இல் டபிள்யூ3சி பரிந்துரையாக வெளியானது. டேவிட் மெகின்சனின் ஒருங்கிணைப்பில் சாக்ஸின் முதற் பதிப்பு அதே ஆண்டு மே மாதத்திலும், பெயர்வெளிகளை ஆதரிக்கும் இரண்டாம் பதிப்பு மே 2000 இலும் வெளிவந்தன.

செயற்படும் முறை

சரங்களை ஒட்டி எக்ஸ்எம்எல் எழுதும் நிரல், தரவில் "<" அல்லது "&" வரும் வரை சரியாகவே இயங்குவதாகத் தோன்றும். "நெல் & அரிசி மண்டி" என்ற ஒரு பெயர் போதும், ஆவணம் முழுவதும் பயனற்றதாகிவிடும். நன்கமைவுப் பிழையைக் கண்ட பாகுபடுத்தி வழமையான செயற்பாட்டைத் தொடரக்கூடாது என்பது எக்ஸ்எம்எல் விதி. எச்டிஎம்எல் பிழைகளுக்கு உலாவிகள் காட்டும் தாராளம் இங்கு இல்லை.

நிகழ்வு முறையில் உரையும் குறிச்சொல்லும் வெவ்வேறு அழைப்புகளாக வருகின்றன. எனவே எது தரவு, எது குறியீடு என்பது எழுதும் கையாளிக்குத் தெரியும். தரவிலுள்ள சிறப்புக் குறிகளை அதுவே மாற்றி எழுதிவிடும். நினைவகத் தேவையும் ஆவணத்தின் நீளத்தோடு வளர்வதில்லை. விக்கிமீடியா வெளியிடும் விக்கிப்பீடியாத் தரவுக் கோப்புகள் எக்ஸ்எம்எல் வடிவில் உள்ளவை. அவற்றிலிருந்து சில கட்டுரைகளை மட்டும் பிரித்தெடுக்க, படிக்கும் பாகுபடுத்திக்கும் எழுதும் கையாளிக்கும் இடையில் ஒரு வடிகட்டியைப் பொருத்தினால் போதும்.

குறைபாடுகள்

கையாளியைப் பயன்படுத்துவதாலேயே வெளியீடு நன்கமைந்துவிடாது. பைத்தானின் எக்ஸ்எம்எல்ஜெனரேட்டர், தொடங்கிய பெயரும் முடியும் பெயரும் ஒன்றுதானா எனச் சரிபார்ப்பதில்லை, கொடுத்ததை எழுதும். 2004 இல் இறுதியாக்கப்பட்டு, ஜாவா 6 இல் (2006) சேர்க்கப்பட்ட ஸ்டாக்ஸ் இடைமுகத்தில் உறுப்பை முடிக்கும் அழைப்புக்குப் பெயரே தருவதில்லை. திறந்திருக்கும் உறுப்புகளை எழுதியே நினைவில் வைத்துக்கொள்வதால் இவ்வகைப் பிழைக்கு அங்கு இடமில்லை. இது மேலான வடிவமைப்பு.

எக்ஸ்எம்எல் 1.0 இல் தத்தல், வரிமுடிவு போன்ற மூன்றைத் தவிர, 32 க்குக் கீழான கட்டுப்பாட்டு எழுத்துகள் எவ்வடிவிலும் இடம்பெற முடியாது. பழைய தரவுத்தளங்களிலிருந்து இவை உரைக்குள் நுழைவதுண்டு; முன்கூட்டியே நீக்க வேண்டியது நிரலரின் பொறுப்பு.

தமிழில் எழுதுவோர் குறியாக்கத்தையும் கவனிக்க வேண்டும். எக்ஸ்எம்எல்ஜெனரேட்டரின் இயல்பிருப்புக் குறியாக்கம் ஐஎஸ்ஓ 8859-1. அதில் தமிழ் இல்லை. பைட்டு ஓடையில் எழுதும்போது "ம" என்பது &#2990; ஆகிவிடும். உரைக்குள் இது செல்லுபடியாகும். யூடிஎஃப்-8 இல் 3 பைட்டு பிடிக்கும் எழுத்து 7 பைட்டு பிடிக்கும், அவ்வளவே. ஆனால் <ஊர்> போன்ற தமிழ் உறுப்புப் பெயர்களை எக்ஸ்எம்எல் அனுமதித்தாலும், பெயருக்குள் எண் குறிப்புகளை அனுமதிப்பதில்லை. ஆகவே வெளியீடு நன்கமைவை இழக்கும். யூடிஎஃப்-8 எனக் குறிப்பிட்டுத் தொடங்கினால் இரு சிக்கல்களும் எழா.

எழுதிய பைட்டுகளைத் திரும்பப் பெற முடியாது என்பது ஓடை முறையின் இயல்பு. நிரல் இடையில் நின்றால் மூடப்படாத உறுப்புகளுடன் அரைகுறைக் கோப்பே எஞ்சும். இதனால் தற்காலிகப் பெயரில் எழுதி, ஆவண முடிவு நிகழ்வுக்குப் பின்னரே உரிய பெயருக்கு மாற்றுவது வழக்கம்.