கறுப்பின சமத்துவமும் தன்பாலீர்ப்பாளர் உரிமையும்: அமெரிக்கப் போராட்டங்களின் ஒப்பீடு

அமெரிக்காவில் நிறவெறிக்கு எதிராகக் கறுப்பின மக்கள் நடத்திய குடிமை உரிமைப் போராட்டத்தையும் தன்பாலீர்ப்பாளர்கள் சம உரிமை கேட்டு நடத்திய போராட்டத்தையும் ஒப்பிட்டுப் பேசும் வழக்கம் 1960களில் வேர்பிடித்தது. நீதிமன்றம், இராணுவம், தேவாலயம், தேர்தல் களம் என எங்கும் இந்த ஒப்பீடு ஆதரவையும் கடும் எதிர்ப்பையும் சந்தித்திருக்கிறது. ஒரு பிரிவினரைச் சட்டம் எப்படி விலக்கி வைக்கிறது என்று பார்த்தால் இரண்டும் மிக நெருங்கியவை. அவர்கள் பட்ட துன்பத்தின் வரலாற்றைப் பார்த்தால் வெகுவாக விலகியவை. கறுப்பராகவும் தன்பாலீர்ப்பாளராகவும் வாழ்ந்து இரு பக்கமும் ஒதுக்கப்பட்டவர்களைச் சேர்க்காமல் செய்யும் ஒப்பீடு முழுமையாகாது.

கற்றுக்கொண்ட வழிமுறைகள்

ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற வானியலாளர் பிராங்க் கேமனி, தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக இராணுவ வரைபடத் துறையிலிருந்து 1957இல் நீக்கப்பட்டார். அதிபர் ஐசனோவர் 1953இல் பிறப்பித்த 10450ஆம் ஆணை, ‘பாலியல் பிறழ்வு’ உள்ளவர்களை அரசு வேலையிலிருந்து விலக்க வழிசெய்திருந்தது. உச்ச நீதிமன்றத்தில் தாமே எழுதித் தாக்கல் செய்த மனுவில், இந்த விலக்கம் இனத்தின் பெயராலும் மதத்தின் பெயராலும் காட்டப்படும் பாகுபாட்டுக்குச் சமமான கொடுமை என்று கேமனி வாதிட்டார். 1961இல் நீதிமன்றம் மனுவை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு அவர் வாஷிங்டனில் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்கான மாட்டசின் சங்கத்தைத் தொடங்கினார். 1965 ஏப்ரலில் அச்சங்கத்தினர் வெள்ளை மாளிகை முன் பதாகை ஏந்தி நின்றபோது ஆண்கள் கோட்டும் டையும், பெண்கள் பாவாடையும் அணிந்திருந்தனர். கறுப்பினப் போராட்டத்தின் ஒழுங்கான அறவழி மறியல்களே அவர்களுக்கு முன்மாதிரி. ‘கறுப்பே அழகு’ என்ற முழக்கத்தைக் கேட்ட கேமனி, 1968இல் ‘தன்பாலீர்ப்பு நல்லது’ என்ற முழக்கத்தை உருவாக்கினார். இரண்டுமே, திணிக்கப்பட்ட அவமானத்தை முதலில் மனத்திலிருந்து களைய முயன்றவை.

1969 ஜூன் 28 அன்று நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுவிடுதியில் போலீஸ் நடத்திய சோதனையை எதிர்த்து எழுந்த கிளர்ச்சிக்குப் பின் இயக்கத்தின் போக்கு மாறியது. அடுத்த ஆண்டே கறுப்பினப் போராட்ட அமைப்பான கருஞ்சிறுத்தைகள் கட்சியின் தலைவர் ஹியூயி நியூட்டன், தன்பாலீர்ப்பாளர் இயக்கத்தோடு தோழமை கொள்ளும்படி தம் கட்சியினரைக் கேட்டுக்கொண்டார்.

திருமணச் சட்டம்

ஒப்பீடு மிக வலுவாக நிற்பது திருமண வழக்குகளில்தான். வர்ஜீனியாவைச் சேர்ந்த மில்ட்ரெட், ரிச்சர்ட் லவிங் தம்பதியர் 1958இல் வாஷிங்டன் சென்று மணம் முடித்து ஊர் திரும்பினர். மனைவி வெள்ளையர் அல்லாதவர், கணவர் வெள்ளையர் என்பதற்காக அவர்களைப் படுக்கையறையிலேயே போலீஸ் கைது செய்தது. 25 ஆண்டுகள் சேர்ந்து மாநிலத்துக்குள் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. சட்டம் கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரேபோலத் தண்டிப்பதால் அதில் பாகுபாடு இல்லை என்றது வர்ஜீனியா அரசு. 1967 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இந்த வாதத்தை நிராகரித்தது. கலப்பு மணத்துக்கு அப்போதும் 16 மாநிலங்களில் தடை இருந்தது.

அதே தர்க்கத்தைத் தங்களுக்கும் பொருத்தும்படி மின்னசோட்டாவில் இரண்டு ஆண்கள் வழக்குத் தொடுத்தனர். நிறத்தால் வரும் தடையும் பால் வேறுபாட்டால் வரும் தடையும் ஒன்றல்ல என்று 1971இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் கூறியது. மறு ஆண்டு வந்த மேல்முறையீட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒற்றை வரியில் தள்ளுபடி செய்தது. பல ஆண்டுகள் கடந்து 2004 மே 17 அன்று மாசசூசெட்ஸில் தன்பாலினத் திருமணங்கள் தொடங்கின. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற பிரவுன் தீர்ப்புக்கு அன்று 50 ஆண்டுகள் நிறைந்தன. 2007இல் மில்ட்ரெட் லவிங் தம் வழக்கை நினைவுகூர்ந்து, எல்லோருக்கும் மண உரிமை வேண்டும் என்று அறிக்கை விட்டார். 2015 ஜூன் 26 அன்று வெளியான ஓபர்கெஃபெல் தீர்ப்பு, லவிங் வழக்கைத் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டி, 5–4 என்ற பெரும்பான்மையில் நாடெங்கும் தன்பாலினத் திருமணத்தை ஏற்றது.

ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். கேலப் நிறுவனத்தின் 1968ஆம் ஆண்டுக் கணிப்பில் கலப்பு மணத்தை ஏற்றவர்கள் 20 விழுக்காட்டினர் மட்டுமே. 2015இல் தன்பாலினத் திருமணத்தை 60 விழுக்காட்டினர் ஆதரித்தனர். முதல் வழக்கில் நீதிமன்றம் மக்கள் கருத்துக்கு வெகுதூரம் முன்னே சென்றது. இரண்டாவதில் மக்கள் முன்னே சென்றிருந்தனர்.

ஒப்பீட்டின் எல்லை

அடிமைமுறை, அரசமைப்புச் சட்டத்திலேயே அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்ட பிரிவு, கும்பல் கொலைகள், வீட்டுக் கடன் மறுப்பு ஆகியவற்றால் கறுப்பினக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உயிரையும் உடைமையையும் இழந்தன. இதற்கு இணையான ஒன்று மறுபக்கத்தில் இல்லை. ஜெஸ்ஸி ஜாக்சன் 2004இல் இந்த ஐந்தில் மூன்று கணக்கைச் சுட்டிக்காட்டியே ஒப்பீட்டை ஏற்க மறுத்தார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. அதேசமயம், கறுப்பினக் குழந்தை தன்னைப் போன்ற பெற்றோரிடம் ஆறுதல் தேட முடியும். தன்பாலீர்ப்புள்ள பிள்ளைக்குப் பெரும்பாலும் அது வாய்ப்பதில்லை, முதல் விலக்கமே வீட்டில் நேரலாம். 1973 வரை மனநல மருத்துவர் சங்கம் அவர்களை நோயாளிகள் என்றது. சில மாநிலச் சட்டங்கள் 2003 வரை குற்றவாளிகள் என்றன.

1992இல், கூட்டுப் படைத் தலைவராக இருந்த காலின் பவல், தன்பாலீர்ப்பாளரைப் படையில் அனுமதிப்பது பற்றி, தோல் நிறம் நடத்தை சாராத இயல்பு, பாலீர்ப்பு அப்படியல்ல என்று எழுதினார். கறுப்பரான அவர் வாயிலிருந்து வந்ததால் அவ்வாதம் கனம் பெற்றது. ஆனால் படையின் மன உறுதி குலையும், ஒற்றுமை கெடும் என்ற அச்சமே, 1948இல் அதிபர் ட்ரூமன் படைகளில் நிறப் பிரிவினையை ஒழிக்க ஆணையிட்டபோதும் எழுப்பப்பட்டது. தன்பாலீர்ப்பாளர் வெளிப்படையாகப் பணியாற்றுவதற்கான தடை 2011 செப்டம்பரில் நீங்கியது.

இரண்டுக்கும் நடுவில்

இந்த வரலாற்றின் மையத்தில் வைக்கத் தக்கவர் பேயார்ட் ரஸ்டின் (1912–1987). காந்திய இயக்கத்தை அறிய இந்தியா சென்று வந்த அவர், 1956இல் மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பின்போது மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்து, வீட்டிலிருந்த துப்பாக்கிகளை அகற்றச் சொல்லி அகிம்சையை முழு நெறியாக ஏற்கத் துணைநின்றார். தம் தன்பாலீர்ப்பை அவர் மறைக்கவில்லை. அதன் பொருட்டு 1953இல் கலிபோர்னியாவின் பசடேனாவில் கைதாகி 60 நாள் சிறைத் தண்டனை பெற்றார். 1960இல் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பவல், கிங்குக்கும் ரஸ்டினுக்கும் தகாத உறவு என்று பொய் பரப்பப்போவதாக மிரட்டினார். கிங் தயங்கினார், ரஸ்டின் விலகினார். இயக்கம் தன் மிகத் தேர்ந்த அமைப்பாளரைப் பயத்தால் கைவிட்டது பெரும் அநீதி.

1963இல் கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் அவரை மீண்டும் அழைத்தார். ஏறத்தாழ இரண்டே மாதங்களில், சுமார் 2,50,000 பேர் திரண்ட வாஷிங்டன் பேரணியை ரஸ்டின் ஒழுங்கமைத்தார். நிறப் பிரிவினைவாதியான ஸ்ட்ராம் தர்மண்ட் பழைய கைதைச் செனட் அவையில் எடுத்துப் பேசியபோது தலைவர்கள் இம்முறை அவரைக் கைவிடவில்லை. மணம் செய்ய வழியில்லாத காலமாதலால் 1982இல் தம் இணையரையே அவர் சட்டப்படி தத்தெடுத்தார். அவர் இறந்து 26 ஆண்டுகளுக்குப் பின் 2013இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம் வழங்கப்பட்டது.

வாஷிங்டன் பேரணியின் 20ஆம் ஆண்டு நிகழ்வில் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் மேடையேறியதும் எளிதில் நடக்கவில்லை. ஏற்பாட்டாளர் அலுவலகத்தில் சிலர் தரையில் அமர்ந்து போராடிய பிறகே தன்பாலீர்ப்பாளருக்கு அந்த இடம் கிடைத்தது. கிங்கின் மனைவி கொரெட்டா தன்பாலீர்ப்பாளர் உரிமையை வெளிப்படையாக ஆதரித்தார். மகள் பெர்னிஸ் 2004இல் தன்பாலினத் திருமணத்துக்கு எதிரான ஊர்வலத்தில் நடந்தார். கறுப்பின உரிமை அமைப்பான தேசிய முன்னேற்றச் சங்கம் 2012 மே மாதம் மண உரிமையை ஆதரித்தது.

2022இல் உச்ச நீதிமன்றத்தின் கருக்கலைப்புத் தீர்ப்போடு எழுதிய தனிக் கருத்தில் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், ஓபர்கெஃபெல் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யச் சொன்னார். லவிங் தீர்ப்பைக் குறிப்பிடவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 13 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்ட திருமண மதிப்புச் சட்டம் கலப்பு மணத்தையும் தன்பாலினத் திருமணத்தையும் ஒரே சட்டத்தில் சேர்த்துக் காக்கிறது. ஒரு மாநிலத்தில் செல்லும் இத்தகைய மணத்தைக் கூட்டாட்சி அரசும் பிற மாநிலங்களும் ஏற்க வேண்டும். எனினும் ஓபர்கெஃபெல் தீர்ப்பு ரத்தானால், எந்த மாநிலமும் தன்பாலினத் திருமணத்தைப் புதிதாகப் பதிவுசெய்தே ஆகவேண்டும் என்று அச்சட்டம் கட்டாயப்படுத்தாது.