கப்பமும் கலகமும்: கான்சாகிபை நாம் எப்படி நினைவுகூர்வது?

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டித் தெற்கே செல்லும் சாலையில் நம்மில் பலர் திருமணத்திற்கும் மையித்திற்கும் வியாபாரத்திற்கும் சென்று வருகிறோம். இருநூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன்பு இந்த வழியில் படைகள் நடந்தன. அவை வரி கேட்டு வந்த படைகள். கேட்டவர்களிலும் மறுத்தவர்களிலும் முஸ்லிம்கள் இருந்தார்கள். அந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு அரைகுறையாகச் சொல்லி வருகிறோமோ என்ற ஐயமே இக்கட்டுரைக்குக் காரணம்.

மதுரை நாயக்கர் காலத்தில், விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தனர். பாளையக்காரர் தம் பகுதியில் வரி தண்டுவார், காவல் புரிவார், படை வைத்திருப்பார், ஒரு பங்கை மதுரைக்குக் கப்பமாகச் செலுத்துவார். மழை பொய்த்துக் கண்மாய் நிறையாத ஆண்டில் கப்பம் குறையும், அல்லது தள்ளிப்போகும். குறைகள் நிறைந்த ஏற்பாடுதான். ஆனால் வாங்குபவரும் கொடுப்பவரும் ஒரே மழையைப் பார்த்துக் கணக்கிட்டார்கள்.

நாயக்கர் ஆட்சி மறைந்து ஆர்க்காட்டு நவாபின் உரிமை வந்தபோது இது மாறியது. முகம்மது அலி வாலாஜா, சந்தா சாகிபுடன் நடந்த வாரிசுப் போரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணையால் வென்றவர். அந்தத் துணை இலவசமாகக் கிடைத்ததன்று. போர்ச் செலவு முழுவதும் அவர் தலையில் கடனாக ஏறியது. கடனை அடைக்கத் தெற்குச் சீமையின் வரி தேவைப்பட்டது. 1755இல் கர்னல் ஹெரானும் நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் படையுடன் புறப்பட்டார்கள். மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மாபூஸ்கானுக்குக் குத்தகையாக விடப்பட்டன. குத்தகைக்காரருக்கு மழைக் கணக்கு கிடையாது. சொன்ன தொகையைக் கட்ட வேண்டும். அதற்கு மேல் பிடுங்குவது அவருக்கு.

அந்தப் படை நெற்கட்டும்செவலுக்குச் சென்று பூலித்தேவரிடம் 20,000 ரூபாய் கேட்டது. அவர் கொடுக்கவில்லை. கோட்டையைத் தகர்க்கும் பீரங்கிகள் இல்லாததால் ஹெரான் வெறுங்கையுடன் திரும்பினார். அதன் பின்னர் மேற்குப் பாளையங்களை ஒன்று திரட்டினார் பூலித்தேவர். அவருடன் கைகோத்தவர்கள் யார் தெரியுமா? சந்தா சாகிபின் காலத்திலிருந்து தெற்கே தங்கியிருந்த பட்டாணியத் தலைவர்களான மியானா, முடேமியா, நபிகான் கட்டக் ஆகியோர். 1756 மார்ச்சில் திருநெல்வேலி அருகே நடந்த போரில் முடேமியா பூலித்தேவரின் அணியில் நின்று உயிர் துறந்தார். மலையடிவாரப் பாதையின் வாயிலாக இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோட்டைக்கும் அந்த ஆண்டுகளில் ஓய்வில்லை.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் வியப்பானது. வரி தண்ட வந்த மாபூஸ்கானே தம் தம்பி நவாபுக்கு எதிராகத் திரும்பிப் பூலித்தேவருடன் சேர்ந்துகொண்டார். நவாப் முஸ்லிம், பாளையக்காரர் இந்து, எனவே இது மதச்சண்டை என்று எழுதுவோர் மாபூஸ்கானையும் முடேமியாவையும் எந்தப் பக்கத்தில் நிறுத்துவார்கள்?

இனி முகம்மது யூசுப்கானுக்கு வருவோம். கான்சாகிபு என்று மக்கள் அழைத்தவர். பனையூரில் பிறந்து இளமையில் இஸ்லாத்தைத் தழுவியவர் என்பது மரபு. கம்பெனியின் சிப்பாய்ப் படைக்குத் தளபதியாக உயர்ந்து, 1759இல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகையில் மதுரையை ஆளும் பொறுப்பை ஏற்றார். நம்மவர் கூட்டங்களில் அவரை விடுதலை வீரராக மட்டுமே போற்றுகிறோம். அதற்கு முந்தைய பக்கத்தைப் புரட்டுவதில்லை. 1761இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளை வீழ்த்திப் பூலித்தேவரின் எதிர்ப்பை முறியடித்தவர் இதே கான்சாகிபுதான். வரி மறுத்தவர்களை அடக்கிய கை அவருடையது. இதை மறைப்பது நமக்கு அழகன்று.

அதே கைதான் நீர்நிலைகளைச் செப்பனிட்டது. மீனாட்சியம்மன் கோயிலின் நிலங்களை மீட்டுக் கொடுத்தது. நாடு சற்றுச் செழித்ததும் நவாபின் கண் அதன் மேல் விழுந்தது. பணத்தை நேரே கம்பெனிக்குக் கட்டுவேன் என்றார் கான்சாகிபு. என் ஊழியன் என் வழியாகவே கட்ட வேண்டும் என்றார் நவாப். கம்பெனி நவாபின் பக்கம் சாய்ந்தது. 1761இலும் 1762இலும், ஆண்டுக்கு 7 லட்சம் தருகிறேன், நான்காண்டுக் குத்தகை கொடுங்கள் என்று கான்சாகிபு கேட்டுப் பார்த்தார். மறுக்கப்பட்டது. 1763இல் தாமே மதுரைக்கு அதிபதி என்று நின்றுவிட்டார். வரியைத் தண்டியவரே அதைக் கட்ட மறுத்த நாள் அது. ஓராண்டுக்கு மேல் முற்றுகையைத் தாங்கினார். உடனிருந்தோர் காட்டிக் கொடுக்க, தொழுகையில் இருந்தபோது பிடிபட்டார் என்பது வழிவழிச் செய்தி. 1764 அக்டோபர் 15 அன்று மதுரைக்கு அருகே தூக்கிலிடப்பட்டார்.

அதே 1764இல் கடலுக்கு அப்பால் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அமெரிக்கக் குடியேற்றங்களின் மீது சர்க்கரைச் சட்டத்தை விதித்தது. மறு ஆண்டில் முத்திரை வரி. காரணம் ஒன்றே: ஏழாண்டுப் போரின் கடன். நம் நாட்டில் பிரெஞ்சுக்காரருடன் நடந்த கர்நாடகப் போரும் அந்தப் போரின் ஒரு கிளைதான். 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலை நம்மை ஆண்ட அதே கம்பெனிக்குச் சொந்தமானது. நம்மைக் கேளாமல் நம்மீது வரி விதிக்க நீ யார் என்று தொடங்கிய அவர்களின் கேள்வி 1776 ஜூலையில் விடுதலைப் பிரகடனமாயிற்று. அவர்கள் நம்மையும் அறியாதவர்கள் அல்லர்; 1782இல் பென்சில்வேனியக்காரர்கள் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஹைதர் அலியின் பெயரைச் சூட்டினார்கள்.

அமெரிக்கரிடம் யார்க்டவுனில் சரணடைந்த காரன்வாலிஸ் பிரபு பின்னர் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்தார். பாளையக்காரரிடம் கம்பெனியே நேரடியாகக் கப்பம் தண்டலாம் என்று நவாபிடம் 1792இல் உடன்படிக்கை செய்தவர் அவர்தான். அங்கே இழந்ததை இங்கே வசூலித்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. அந்த உடன்படிக்கையின் வழியில்தான் கட்டபொம்மனிடம் பாக்கி கேட்ட கலெக்டர் ஜாக்சனும், 1799இல் கயத்தாற்றுத் தூக்குமரமும் வந்தன.

வரியே கூடாது என்று மார்க்கம் சொல்லவில்லை. ஜகாத் கடமை, அதன் அளவும் பெறுவோரும் வரையறுக்கப்பட்டவை. ஆனால் உரிமையின்றிப் பறிக்கும் 'மக்ஸ்' பெரும் பாவங்களில் ஒன்று. ஒரு பெண்ணின் உண்மையான தவ்பாவைப் பற்றிக் கூறும்போது, அத்தகைய வரி தண்டுபவன் இப்படித் தவ்பா செய்தாலும் மன்னிக்கப்படுவான் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. பாவத்தின் கனத்திற்கு அளவுகோலாகவே வரி தண்டுபவன் அங்கே குறிப்பிடப்படுகிறான்.

கான்சாகிபின் கடைசி இரண்டு ஆண்டுகள் முந்தையவற்றை ஈடுசெய்தனவா என்பதை அல்லாஹ்வே அறிவான். மதுரை சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் சிறு பள்ளிவாசலுடன் இருக்கிறது. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வோர், திரும்பும் வழியில் நெற்கட்டும்செவலுக்கும் ஒருமுறை கூட்டிச் சென்று, இரண்டு இடங்களின் கதையையும் சேர்த்தே சொல்லலாம்.