ஒரு கனிச்சாறும் ஒரு மாத்திரையும்

மருந்தோடு எதனை உண்ணலாம், எதனை விலக்க வேண்டும் என்னும் வினா மருத்துவத்தைப் போலவே பழமையானது. நம் மூத்தோர் அதனைப் பத்தியம் என்றனர். யூனானி ஹகீம்கள் பர்ஹேஸ் என்றனர். மேனாட்டு மருத்துவமோ, பால், பாலாடைக்கட்டி முதலிய சிலவற்றைத் தவிர, இதனை நெடுங்காலம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கினாலும் பழச்சாற்றில் விழுங்கினாலும் குருதியை எட்டும் மருந்து ஏறத்தாழ ஒன்றே என்பது பொது எண்ணமாக இருந்தது. அந்த எண்ணத்தை 1989ஆம் ஆண்டில் ஒரு கனி அசைத்துவிட்டது.

அக்கனி கிரேப்புரூட். பெயரில் திராட்சை இருப்பினும் திராட்சைக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கொத்துக் கொத்தாகக் காய்ப்பதால் அப்பெயர் பெற்றது என்பர். நாம் பம்பளிமாஸ் என்று வழங்கும் பெருங்கனிக்கும் இனிப்பு ஆரஞ்சுக்கும் மேற்கிந்தியத் தீவுகளில் தானாகப் பிறந்த கலப்பினமே அது. பார்படோஸ் தீவைப் பற்றி 1750இல் நூல் வெளியிட்ட கிரிஃபித் ஹியூஸ் என்னும் பாதிரியார் 'விலக்கப்பட்ட கனி' என்ற பெயரால் ஒரு கனியைக் குறித்துள்ளார். கிரேப்புரூட்டைப் பற்றிய முதற் குறிப்பு அதுவே எனக் கொள்வோர் உளர். எதற்கு அப்பெயர் இட்டனரோ, நோயாளிகள் சிலருக்கு அது பின்னாளில் மெய்ப்பெயராகவே ஆயிற்று!

இக்கனிக் குடும்பத்தின் பயணத்தில் அரபு மக்களுக்குப் பெரும் பங்குண்டு. கிழக்கிலிருந்து கசப்பு ஆரஞ்சை மேற்கே கொண்டு சென்று அந்தலூஸ் மண்ணில் வளர்த்தவர்கள் அவர்களே. இஷ்பீலியா நகரத்து இப்னுல் அவ்வாம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய வேளாண்மை நூலில் இவ்வினக் கனிகளுக்கு இடமுண்டு. அரபியில் நாரஞ்ச், பாரசீகத்தில் நாரங், வடமொழியில் நாரங்கம் என வழங்கும் சொல், நம் நாரத்தையோடு உறவுடையது என்று சொல்லாய்வாளர் பலர் கருதுவர். இஷ்பீலியா இன்று செவில் எனப்படுகிறது. அதன் கசப்பு ஆரஞ்சை நாம் பின்னரும் சந்திப்போம்.

இனி 1989க்கு வருவோம். கனடா நாட்டு ஒண்டாரியோ மாநிலத்தில் உள்ள லண்டன் என்னும் நகரில் டேவிட் பெய்லி என்ற மருந்தியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை நடத்தினர். (இவர் இளமையில் புகழ்பெற்ற ஓட்டவீரர், நான்கு நிமிடங்களுக்குள் ஒரு மைல் ஓடிய முதல் கனடியர்.) இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஃபெலோடிபின் என்ற மருந்தை மதுவோடு சேர்த்தால் என்ன நேரும் என்பதே அவர்கள் அறிய விரும்பியது. தமக்குக் கொடுக்கப்படுவது மதுவா அன்றா என்பது உட்கொள்வோர்க்குத் தெரியலாகாது. ஆகவே மதுவின் சுவையை மறைக்க வல்ல ஒரு சாறு தேவைப்பட்டது. கிரேப்புரூட்டின் கசப்பு அதற்கு மிகப் பொருத்தமாக அமைந்தது.

முடிவு வந்தபோது அவர்கள் திகைத்தனர். குருதியில் காணப்பட்ட மருந்தின் அளவு, அதே அளவு மாத்திரை கொடுத்த முந்தைய ஆய்வுகளில் கண்டதைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தது. மது அருந்தியவர், அருந்தாதவர் ஆகிய இரு சாராரிடமும் இதே நிலை. எனவே மது காரணமன்று. இருவருக்கும் பொதுவாக இருந்தது சாறு ஒன்றே. பெய்லி தம் உடலிலேயே சோதித்தார்: ஒரு முறை தண்ணீரோடும், ஒரு முறை சாற்றோடும் மாத்திரையை உட்கொண்டார். சாற்றோடு உண்டபோது மருந்தின் அளவு ஏறத்தாழ ஐந்து மடங்காயிற்று.

மருந்தைச் சோதிக்கும் விதிகளை இப்னு ஸீனா தம் அல்கானூன் நூலின் இரண்டாம் பாகத்தில் வகுத்துள்ளார். சோதிக்கப்படும் மருந்தில் புறத்தேயிருந்து வந்து ஒட்டிய தன்மை எதுவும் கலந்திருக்கலாகாது என்பது அவற்றுள் முதலாவது. சுவையை மறைக்க மட்டுமே வந்த சாறு, அவ்வாறு புறத்தேயிருந்து ஒட்டிய தன்மையாயிற்று. அப்பிழையைக் கண்டுபிடித்து அதன் பின்னேயே சென்றதுதான் பெய்லியின் பெருமை என்போம்.

1991இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு ஐயத்தைப் போக்கியது. தண்ணீரோடு உண்ட அளவை நூறு எனக் கொண்டால், கிரேப்புரூட் சாற்றோடு ஃபெலோடிபின் சராசரியாக 284 ஆக உயர்ந்தது; ஒருவருக்கு 164, மற்றொருவருக்கு 469 என ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபட்டது. சாதாரண ஆரஞ்சுச் சாறு எந்த மாற்றமும் செய்யவில்லை.

இது எவ்வாறு நிகழ்கிறது? சிறுகுடலின் சுவரில் ஒரு நொதி காவல் நிற்கிறது. சி.ஒய்.பி. 3ஏ4 என்பது அதற்கு அறிவியலார் இட்ட பெயர். உள்ளே வரும் அந்நியப் பொருள்களைக் குருதியில் சேருமுன் சிதைப்பது அதன் வேலை. ஃபெலோடிபின் மாத்திரையில் ஏறத்தாழ 15 விழுக்காடே இக்காவலையும் கல்லீரலையும் கடந்து குருதியை எட்டும். இந்த இழப்பைக் கணக்கிட்டே மாத்திரையின் அளவு வகுக்கப்படுகிறது. கிரேப்புரூட்டில் உள்ள ஃபியூரனோகூமரின் என்னும் பொருள்கள் அக்காவலனையே வீழ்த்திவிடுகின்றன. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், சில நாள் தொடர்ந்து சாறு பருகியவர்களின் குடலில் அந்நொதி 62 விழுக்காடு குறைந்திருந்தது. வீழ்ந்த நொதி மீண்டும் எழுவதில்லை. உடல் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். ஆதலின் ஒரு குவளைச் சாற்றின் விளைவு ஒரு நாளுக்கும் மேல் நீடிக்கும். காலையில் சாறு, இரவில் மாத்திரை என்று பிரித்துக்கொண்டாலும் தப்ப முடியாது.

டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மருந்தின் கதை இன்னும் வியப்பானது. நொதியால் மாற்றப்படாமல் குருதியில் மிகுமாயின் அது இதயத் துடிப்பையே குலைக்கும். வேறு மருந்துகளோடு சேர்ந்து இத்தகைய ஆபத்தை விளைவித்ததால் 1998இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலகியது. அதன் இடத்தைப் பிடித்தது ஃபெக்ஸோஃபெனடின். டெர்ஃபெனடினை உடல் மாற்றிப் பெறும் பொருளே இது. இதனோடு கிரேப்புரூட் சாறு பருகினால் நேர்மாறாக மருந்தின் அளவு குறைந்துபோகிறது! மருந்தைக் குடலிலிருந்து உள்ளே ஏற்றிச் செல்லும் புரதங்களைச் சாறு தடுப்பதே காரணம். ஆப்பிள், ஆரஞ்சுச் சாறுகளும் இம்மருந்துக்கு இதையே செய்கின்றன.

2012இல் பெய்லியும் தோழர்களும் கணக்கிட்டபோது, இக்கனியோடு மோதும் மருந்துகள் 85க்கு மேல் இருந்தன. அவற்றுள் 43 கடுந்தீங்கு விளைவிக்க வல்லவை. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் அவற்றில் ஒன்று. அது குருதியில் மிகுந்தால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் பழுதுபடலாம். அதே பணியைச் செய்யும் ரோசுவாஸ்டாடினுக்கு இத்தொல்லை இல்லை. சிறுநீரகம் மாற்றிப் பொருத்திக்கொண்டவர்கள் உண்ணும் சைக்ளோஸ்போரினும் பட்டியலில் உண்டு.

கிரேப்புரூட் நம் ஊர்ச் சந்தையில் அரிதுதானே எனச் சிலர் எண்ணக்கூடும். வளைகுடாவில் வாழும் நம்மவர்க்கு அது அன்றாடம் கிடைக்கும் கனி. அதன் தாயான பம்பளிமாஸோ நம் வீட்டுக் கொல்லைகளிலேயே காய்க்கிறது. அதிலும் ஃபியூரனோகூமரின் உண்டு. முன்னர் கண்ட செவில் ஆரஞ்சும் ஃபெலோடிபினை உயர்த்துவது சோதனையில் தெளிவாயிற்று. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பல மாத்திரை உண்ணும் முதியோர், உரிக்குமுன் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டுக்கொள்ளலாம். தாமாக மாத்திரையை நிறுத்துவது பழத்தைவிடக் கேடு. இனத்துக்கு இனமும், பருவத்துக்குப் பருவமும் அப்பொருளின் அளவு மாறுகிறது. எக்கனியில் எவ்வளவு உளது என்பதைச் சுவைத்து அறிய வழியில்லை.