மொறிஸ் மைனர்: ஸ்டார்ட்டர் மோட்டர் மாற்றுதல்

1948 முதல் 1972 வரை பிரிட்டனில் உற்பத்தியான மொறிஸ் மைனர் இலங்கை வீதிகளில் இன்றும் ஓடுகிறது. 1990களில் அதன் உதிரிப்பாகங்கள் இங்கேயே தயாராகி இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. கொழும்பு–புத்தளம் வீதியிலுள்ள முந்தல் போன்ற களப்போர ஊர்களில் உப்புக்காற்று மின்முனைகளை அரித்துவிடும். ஆகவே ஸ்டார்ட்டர் சுழலாவிடின், முதலில் பற்றரி முனைகளையும் வண்டி உடலோடு சேரும் கேபிளையும் சுரண்டித் துடைக்க வேண்டும். இதைச் செய்யாமலே நல்ல மோட்டர்களைக் கழற்றி எறிவது வீண்செலவு. ‘மைனர் 1000’ வகையின் லூக்காஸ் மோட்டரில், சுழலும் வேகத்தாலேயே சிறு பற்சக்கரம் நகர்ந்து பிளைவீலின் பற்களில் கொளுவும். கொளுவி இறுகினால், மோட்டர் முனையிலுள்ள சிறுமூடியை அகற்றி, சதுரத் தண்டை ஸ்பானரால் திருப்பி விடுவிக்கலாம்.

மாற்றத்தான் வேண்டுமென்றால், பற்றரி இணைப்பைக் கழற்றியபின்பே கை வைக்க வேண்டும். இவ்வண்டியில் உடலோடு இணைவது பொதுவாக நேர்முனை. மோட்டரைப் பிடித்திருப்பவை 2 போல்ட்டுகள். மேலுள்ளதை மேலிருந்தும் கீழுள்ளதை வண்டிக்கு அடியிலிருந்தும் கழற்றலாம். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிராபத்து. உறுதியான தாங்கிகள் கட்டாயம். பற்சக்கரத் தண்டை மண்ணெண்ணெயில் கழுவி உலரவிட வேண்டும். எண்ணெய் பூசினால் கிளட்ச் தூசி ஒட்டி, பற்சக்கரம் மறுபடியும் இறுகும்.