மூன்றாம் வகுப்பு படித்த நாவலாசிரியை சித்தி ஜுனைதா பேகம்

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் எனக் கடலோர முஸ்லிம் ஊர்களுக்கு ஒரு பொதுவான வரலாறு உண்டு. ஆண்கள் முத்து, துணி, அரிசி வணிகத்திற்காகக் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறினார்கள். பெண்கள் வீட்டில் இருந்தார்கள். அவர்கள் எழுத்தறியாதவர்களாய் இருந்தார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அரபுத்தமிழில் எழுதப்பட்ட மாலைகளையும் கிஸ்ஸாக்களையும் முனாஜாத்துகளையும் கூடியமர்ந்து ஓதி வளர்ந்த பெண்கள் இந்த ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருந்துள்ளனர். முத்துக்குளித்துறையைச் சேர்ந்த கீழக்கரையில் ஆசியா உம்மா ஞானப் பாடல்களே இயற்றியிருக்கிறார்.

இந்த மரபிலிருந்து நாவல் என்னும் புதிய வடிவத்திற்கு வந்தவர் நாகூர் சித்தி ஜுனைதா பேகம். தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண்மணி என்று போற்றப்படுபவர்.

1917ஆம் ஆண்டு நாகூரில் பிறந்த அவர், பள்ளிக்கூடத்தில் படித்தது மூன்றாம் வகுப்பு வரை மட்டுமே. அக்கால வழக்கப்படி சிறு வயதிலேயே திருமணம் முடிந்தது. இளமையிலேயே கணவரையும் இழந்தார். கல்வி நின்ற இடத்தில் அவரது வாசிப்பு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்த நூல்களையும் இதழ்களையும் படித்தே தம் தமிழை வளர்த்துக்கொண்டார். பா. தாவூத் ஷா நடத்திய ‘தாருல் இஸ்லாம்’ இதழ் அவரது எழுத்துக்கு இடமளித்தது.

1938இல் அவரது ‘காதலா? கடமையா?’ நாவல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 21. சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் பதிப்பித்துத் தந்த உ.வே. சாமிநாதையர் தம் எண்பதுகளில் அந்நூலுக்கு முன்னுரை வழங்கினார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஓர் இளம்பெண்ணின் நூலுக்குத் தமிழறிஞர்களில் மூத்தவர் அளித்த மதிப்பு அது.

நாவலின் கதை கற்பனையான ஓர் அரசாட்சியில் நடக்கிறது. தன் விருப்பமா, தன்னை நம்பியிருக்கும் மக்களுக்குச் செய்ய வேண்டிய கடமையா என்னும் கேள்வி நூலின் பெயரிலேயே இருக்கிறது. முஸ்லிம் பெண் எழுதினால் மார்க்க நூல் மட்டுமே எழுதுவார் என்ற எண்ணத்தை அது உடைத்தது. அதற்காக அவர் மார்க்கத்தை விட்டு விலகிவிடவும் இல்லை. ‘இஸ்லாமும் பெண்களும்’, ‘காஜா ஹஸன் பஸரீ (ரஹ்)’ ஆகிய நூல்களும் அவருடையவையே. ‘செண்பகவல்லிதேவி’, ‘மகிழம்பூ’ போன்ற படைப்புகளையும் எழுதினார். கல்வி ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமை என்று மேடைதோறும் சொல்கிறோம். அதைத் தம் வாழ்க்கையில் செய்து காட்டியவர் அவர்.

1998இல் அவர் மறைந்தார். அவரது நூல்கள் நெடுங்காலம் எளிதில் கிடைக்காதவையாகவே இருந்தன. அவரது குடும்பத்தைச் சேர்ந்த எழுத்தாளர் நாகூர் ரூமி அவரைப் பற்றித் தொடர்ந்து எழுதியதும் இன்றைய வாசகர்கள் அவரை அறிய ஒரு காரணம். வீட்டில் ஓர் எழுத்தாளர் இல்லாத எத்தனை பெண்களின் எழுத்து யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்!

வீட்டை மாற்றிக் கட்டும்போது பழைய பெட்டிகளை ஒழிக்கிறோம். அதற்குள் உம்மம்மாவோ வாப்பும்மாவோ கைப்பட எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கலாம். அரபுத்தமிழில் இருப்பதால் நமக்கு வாசிக்கத் தெரியாமலும் இருக்கலாம். பழைய தாள் என்று எடைக்குப் போடுவதற்கு முன், அந்த எழுத்தை ஓதத் தெரிந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஜுனைதா பேகம் அச்சேறினார். அவரைப் போன்ற இன்னொருவர் உங்கள் வீட்டுப் பரணிலேயே இருக்கக்கூடும்.