சென்னை மணியும் சங்கரன்கோவில் பொழுதும்

பொழுதை அளந்தறிதல் தமிழர்க்குப் புதியதன்று. பாசறையில் நீர்க்கடிகை கொண்டு நேரம் அறிவித்தோரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. ஒரு நாள் 60 நாழிகை; ஒரு நாழிகை 24 நிமிடம். அந்தந்த ஊரின் சூரிய உதயமே கணக்கின் தொடக்கம். ஆதலின் ஊருக்கு ஊர் பொழுது வேறுபட்டது. அவ்வேறுபாடு யாருக்கும் இடையூறாக இருந்ததில்லை.

புகைவண்டியும் தந்தியும் வந்தபின் நிலைமை மாறியது. இரு நிலையங்களில் இரு வேறு பொழுது இருப்பின் வண்டி ஓடாது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் சென்னையில் நிறுவிய வானாய்வு நிலையத்தின் நேரம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இருப்புப்பாதைகளின் பொது நேரமாயிற்று. அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. தீர்க்கரேகை ஒரு பாகை மேற்கே சென்றால் பொழுது 4 நிமிடம் பிந்தும். அதன்படி சங்கரன்கோவிலின் இயற்கைப் பொழுது சென்னைக்குச் சுமார் 11 நிமிடம் பிந்தியது.

1906 சனவரி முதல் நாள், 82.5 பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. சென்னை 9 நிமிடத்தை விட்டுக் கொடுத்தது. சங்கரன்கோவில் விட்டுக் கொடுத்ததோ ஏறத்தாழ 20 நிமிடம். அன்றைய தலைநகரான கல்கத்தா தன் நேரத்தை விடவில்லை. 1948 வரை அதனைப் போற்றி வந்தது. பம்பாய் 1955 வரை அவ்வாறே செய்தது. பெருநகரங்கள் வாதாடின, சிற்றூர்களை எவரும் கேட்கவில்லை. 1927இல் சங்கரன்கோவிலுக்குப் புகைவண்டி வந்தபோது அது பொது நேரத்துடனேயே வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை கடிகாரம் மேலும் ஒரு மணி முன்தள்ளப்பட்டது. அந்நாளில் இவ்வூரின் உச்சிப்பொழுது கடிகாரத்தில் 1 மணி 20 நிமிடத்தை ஒட்டி அமைந்தது.

இங்கு ஒரு வியப்பு உண்டு. இன்றைய தலைநகரான தில்லி ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பினும், ஏறக்குறையச் சங்கரன்கோவிலின் தீர்க்கரேகையிலேயே உள்ளது. இரண்டின் உச்சிப்பொழுதும் ஒன்றரை நிமிடத்திற்குள் அடுத்தடுத்து நிகழ்கின்றன. அண்மையிலுள்ள சென்னையைவிடச் சேய்மையிலுள்ள தில்லியே பொழுதால் நெருங்கியது. ஆயினும் மார்கழியில் தில்லியில் ஞாயிறு 7 மணிக்கு மேல் எழ, இங்கு ஆறரை மணியளவில் எழுந்துவிடுகிறது. நண்பகல் ஒன்றாயினும் விடியல் ஒன்றன்று.

பழைய கணக்கு முற்றும் அழிந்துவிடவில்லை. ஆடித் தபசுக்குரிய உத்திராடத்தைப் பஞ்சாங்கம் இன்றும் நாழிகையில் குறிக்கிறது. அவ்விழாவிற்கு மக்களைக் கொணரும் பேருந்தும் வண்டியும் பொது நேரத்தில் ஓடுகின்றன. இரண்டையும் மக்கள் மயக்கமின்றி ஆள்கின்றனர்.

கவிஞர்க்கு இச்செய்தி தேவையானது. கடிகாரம் 12 அடிக்கையில் இவ்வூரில் நிழல் இன்னும் மேற்கே சற்றுச் சாய்ந்தே இருக்கும். உச்சிக்கு ஏறத்தாழ ஒரு நாழிகை எஞ்சியிருக்கும். நண்பகலைப் பாடுவோர் மணியை நோக்கிப் பாடுதலினும் நிழலை நோக்கிப் பாடுதலே பொருந்தும். அந்த ஒரு நாழிகை நாட்டின் ஒருமைக்காக இவ்வூர் ஈந்தது; பாட்டில் அதனை மீட்டுக்கொள்ளத் தடையேதும் இல்லை.