கலப்பை திரும்பி வந்த கதை

கலப்பையை உழவின் அடையாளமாகவே போற்றி வந்தவர்கள் நாம். ஆழ உழுவதே மேல் என்பது நம் பழமொழி. அந்தக் கலப்பை குற்றவாளிக் கூண்டில் ஏறியது அமெரிக்கப் பெருஞ்சமவெளியில். புல்வெளியை உழுது கோதுமை விதைத்த அந்நிலத்தில் 1930களில் மழை பொய்த்தது. வேர்ப்பிடிப்பை இழந்த மண் காற்றில் எழுந்தது. 1934 மே மாதப் புழுதி நியூயார்க் வரை சென்றது. ஒஹையோவின் எட்வர்ட் ஃபாக்னர் 1943இல் வெளியிட்ட 'உழவனின் மடமை' என்னும் நூல், மண்ணைப் புரட்டும் கலப்பைக்கு அறிவியல் நியாயமே இல்லை என வாதிட்டது.

ஆனால் உழுவது மண்ணை இளக்க மட்டுமன்று, களையை அழிக்கவும்தான். உழவை விட்டால் களைக்கு என்ன வழி? விடையை வேதியியல் தந்தது. 1962இல் கென்டக்கியில் ஹாரி யங் களைக்கொல்லியின் துணையோடு உழாத நிலத்தில் மக்காச்சோளம் விதைத்தார். 1974இல் கிளைபோசேட் சந்தைக்கு வந்தது. சில அமினோ அமிலங்களை ஆக்கத் தாவரத்துக்கு இன்றியமையாத நொதி ஒன்றை அது முடக்குகிறது. பயிர், களை என்ற வேறுபாடு அதற்கில்லை. பாக்டீரியா மரபணுவைப் பெற்று அதைத் தாங்கும் சோயா 1996இல் விதைக்கப்பட்டபோது அந்த வேறுபாடும் உருவாயிற்று.

இதனால் மண்ணுக்கு நன்மையே இல்லை என்பது நேர்மையாகாது. உழவு குறைந்த நிலத்தில் பயிர்த்தாள் போர்வையாகக் கிடந்தது. அரிப்பு குறைந்தது, ஈரம் தங்கியது, மண்புழு பெருகியது. மண்ணின் நுண்ணுயிர்களையும் பயிரின் நுண்ணூட்டத்தையும் இம்மருந்து எவ்வளவு பாதிக்கிறது என்பதில் ஆய்வாளரிடையே கருத்தொற்றுமை இல்லை. வினை வேறு திசையிலிருந்து வந்தது.

ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளித்ததில், பிழைத்த களைகளே விதை பரப்பின. 2005இல் ஜார்ஜியாவின் பருத்தி வயல்களில் மருந்துக்கு அடங்காத பால்மர் அமராந்த் தோன்றியது. நம் தண்டுக்கீரையின் பேரினத்தைச் சேர்ந்த செடி அது; ஒன்றே லட்சக்கணக்கில் விதை உதிர்க்கும். மருந்து முடக்கும் நொதியின் மரபணுவைப் பன்மடங்காகப் பெருக்கிக்கொண்டு அது தப்பியது. கூலியாட்கள் கையால் களை பறித்தனர். அந்தச் சிறு விதைகளை ஆழப் புதைக்க, மண்ணைப் புரட்டும் கலப்பை மீண்டும் வயலில் இறங்கியது. காத்த மண் மறுபடி காற்றுக்கும் மழைக்கும் திறந்து கிடந்தது.

கலப்பை பகையுமன்று, மருந்து மீட்பருமன்று. ஒன்றையே நம்பியதுதான் பிழை. அதே ஜார்ஜியாவில் சிலர் ரை என்னும் தானியத்தை மூடுபயிராக வளர்த்து, மடக்கிப் படுக்கவைத்து, அதனூடே பருத்தி விதைத்தனர். வெளிச்சம் படாத நிலத்தில் களைவிதை பெரும்பாலும் முளைப்பதில்லை. புல்வெளி ஒருகாலத்தில் மண்ணுக்குச் செய்த வேலையும் ஏறத்தாழ அதுவே.